மென்பொருள் பொய் சொல்லவில்லை

கப்பலின் அளவுகளை வைத்து எடையைக் கணக்கிடும் மென்பொருளில், இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கின் அளவுகளைப் போட்டால் 35,000 டன்னைத் தாண்டுகிறது, அதனால் மென்பொருளே தப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 35,000 என்பது ஜெர்மனி வெளியே சொன்ன கணக்கு. உண்மையில் ஸ்டாண்டர்டு எடையே (எரிபொருள் சேராத எடை) 41,000 டன்னுக்கு மேல்.

கையாலேயே போட்டுப் பாருங்கள்: நீர்க்கோட்டு நீளம் 241.6 மீட்டர், அகலம் 36, நீருக்குள் அமிழும் ஆழம் சுமார் 9.3. மூன்றையும் பெருக்கி, கடல்நீருக்காக 1.025ஆலும் பெருக்குங்கள். இது முழுப் பெட்டி வடிவத்துக்கான எடை; அதில் கப்பலின் அடிப்பகுதி எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்பதுதான் பிளாக் குணகம். 35,000 டன் வரவேண்டுமென்றால் அது சுமார் 0.42க்கு இறங்க வேண்டும். போர்க்கப்பலுக்கு அது ரொம்ப ஒல்லி, 0.55 போட்டால் சுமார் 45,600 டன் வரும்.

அப்புறம், 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்டு எடையில் எரிபொருள் சேராது. அந்த எடையை, எரிபொருள் எல்லாம் ஏற்றிய முழுச்சுமை ஆழத்தை வைத்துப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.