சாம்பாருக்குத் தனி பில்லா?

ஒரு ஹோட்டல் எப்படி என்று தெரிந்துகொள்ள நான் மெனு கார்டைப் பார்ப்பதில்லை. விலை போட்டு விற்கும் தோசையை எல்லாரும் ஓரளவு ஒழுங்காகத்தான் சுடுவார்கள், அதற்குத்தானே காசு வாங்குகிறார்கள். விலை போடாமல் இலைக்கு வருகிற சாம்பார், சட்னி, சால்னா, வெங்காயப் பச்சடி, குடிக்கத் தண்ணீர், இதிலெல்லாம்தான் முதலாளியின் மனசு தெரியும். இரண்டாவது முறை கேட்கும்போது சர்வரின் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அந்தக் கடைக்கு மறுபடி போகலாமா வேண்டாமா என்பதை நான் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

சென்னை திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-இல் தொடங்கிய கடை. அங்கே இட்லி ஒரு சாக்கு. தட்டில் இரண்டு இட்லியை வைத்து, மேலே சாம்பாரை ஊற்றுவார்கள் பாருங்கள், தொட்டுக்கொள்ள அல்ல, இட்லி குளிக்க. லேசாக இனிப்பு தட்டும், பருப்பு கரைந்து ஒரே பதமாக இருக்கும் அந்தச் சாம்பாரில் இட்லியை ஸ்பூனால் உடைத்துப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளை இட்லிதான் வாய்க்குள் போகும். ஊறிய பிறகு உள்ளே வரை மஞ்சளாகி, ஸ்பூனில் எடுத்தால் ஓரத்தில் சாம்பார் சொட்டும். தட்டு வறண்டால் மறுபடி ஊற்றுவார்கள். "போதும்" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தடவை விழுந்திருக்கும்.

சமீபத்தில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு புது டிபன் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். நெய்ப் பொடி தோசையைக் குறையே சொல்ல முடியாது. ஓரம் முறுகல், நடுவில் பொடி நெய்யில் ஊறிக் கிடந்தது. கூடவே மூன்று குட்டிக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சட்னி. பாதி தோசையிலேயே தேங்காய்ச் சட்னி தீர்ந்துவிட்டது.

"தம்பி, கொஞ்சம் சட்னி."

"எக்ஸ்ட்ரா சட்னி இருபது ரூபாய் சார். போடட்டுங்களா?"

சொல்லும்போது அந்தப் பையனுக்கே கூச்சமாகத்தான் இருந்தது, தலையைக் குனிந்துகொண்டான். மீதித் தோசையை வெறும் பொடியோடு தின்றுவிட்டு வந்தேன். இருபது ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் சட்னிக்கு சம்மதம் கேட்கிற அந்தக் கேள்வி தொண்டையில் நின்றுவிட்டது.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017 நவம்பரில் இருந்து ஹோட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. நமக்குக் குறைவாகத் தெரிகிறது. ஆனால் அந்த 5 சதவீதத்தில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. கடை வாடகைக்கு, ஏசிக்கு, பர்னிச்சருக்கு அவர்கள் கட்டுகிற வரி அப்படியே அவர்கள் தலையில்தான். அதோடு வணிக சிலிண்டர் விலை, துவரம்பருப்பு விலை, ஆள் கிடைக்காத பாடு. சரி, அதற்கெல்லாம் தோசை விலையைப் பத்து ரூபாய் ஏற்றுங்கள், வாயைத் திறக்காமல் கொடுக்கிறேன். சட்னியை எண்ணாதீர்கள். தோசைக்கு விலை ஏற்றினால் வாடிக்கையாளர் விலைவாசியைத் திட்டுவார். சட்னிக்கு பில் போட்டால் உங்களைத்தான் திட்டுவார்.

வடகறியைப் பாருங்கள். மிஞ்சிப்போன மசால் வடையை வீணாக்காமல் உதிர்த்து, சோம்பு, பட்டை, தக்காளி, வெங்காயத்தோடு கொதிக்கவிட்டுத்தான் அப்படி ஒரு பண்டம் வந்தது என்பார்கள். இப்போது அதற்காகவே கடலைப்பருப்பை அரைத்துப் பொரித்துப் போடுகிறார்கள், அது வேறு விஷயம். சைதாப்பேட்டை மாரி ஹோட்டல் பெயர் வடகறியால்தான் ஊர் முழுக்கத் தெரியும். என் கணக்கில் வடகறி குழைந்த களியாக இருக்கக் கூடாது. கட்டி கட்டியாக இருக்க வேண்டும், கட்டி உள்ளே குழம்பு இறங்கியிருக்க வேண்டும், சோம்பு வாசனை முதலில் வர வேண்டும். செட் தோசைக்கு அதை விட்டால் வேறு ஜோடி கிடையாது.

பிரியாணி விஷயத்தில் எனக்கு நிறைய பேரோடு சண்டை. சீரக சம்பாவா பாசுமதியா என்று அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். என் பார்வை கூட வருகிற கத்திரிக்காய் மேல்தான். புளி, எள், வேர்க்கடலை அரைத்துவிட்டு, மேலே எண்ணெய் மிதக்க, காம்போடு கிடக்கிற கத்திரிக்காய். பாய் வீட்டுக் கல்யாணத்தில் அதையும் பச்சடியையும் கேட்கக் கேட்க வைப்பார்கள், கடைசியில் பிரெட் அல்வாவும் வரும். கடையில் பார்சல் வாங்கினால் இந்தக் கத்திரிக்காய் ஒரு சின்ன கவரில் முடிச்சுப் போட்டு வருகிறது. முடிச்சை அவிழ்ப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும், அவிழ்த்தால் உள்ளே பாதிக் கத்திரிக்காய். சில கடையில் அதுவும் இல்லை, "காலி சார்". கத்திரிக்காய் தீர்ந்தால் பிரியாணியும் தீர்ந்தது என்று போர்டு மாட்டிவிட வேண்டாமா?

தண்ணீருக்கு வருகிறேன். ஏசி ஹாலில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சார், பாட்டில் வாட்டரா, சாதாவா?" அந்த 'சாதா'வைச் சொல்லும்போது குரல் இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? எம்ஆர்பிக்கு மேல் ஹோட்டல்கள் பாட்டில் தண்ணீர் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது. உட்கார இடமும் கவனிப்பும் சேர்த்துத்தான் அந்த விலை என்பது வாதம். இருக்கட்டும். ஆனால் சாதா தண்ணீர் கேட்டவரைக் கஞ்சனாகப் பார்க்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது இந்த ஊர் ஹோட்டல்கள் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டைக் குறைத்தார்கள், சிலர் நிறுத்தியே விட்டார்கள். அப்போது அரை டம்ளர் தண்ணீர் வைத்தாலும் யாரும் கேட்கவில்லை. பஞ்சம் இல்லாத நாளில் டம்ளரைக் காலியாக வைத்திருப்பதுதான் புரியவில்லை.

நண்பர்கள் தயவில் நுங்கம்பாக்கம் பக்கம் ஒயின் ஊற்றுகிற இடங்களுக்கும் போவதுண்டு. அதிலும் எனக்குக் கருத்து இருக்கிறது, இல்லாமல் எப்படி! சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' தர வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரூம் ஐரோப்பாவில் இருக்கிறது, 16, 18 டிகிரி. நம் ஊர் ரூமில் மே மாதம் வைத்து எடுத்தால் கஷாயம்தான். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள் என்றால் சர்வர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். அப்புறம் அதற்கு ஜோடியாக மிளகுக் கோழி. காரம் மேல் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் கூடும், சிவப்பு ஒயினின் துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். நாசிக் பக்கம் செய்கிற செனின் பிளாங்க் மாதிரி வெள்ளை ஒயின், கொஞ்சம் இனிப்பு உள்ளதாகப் பார்த்து நன்றாகக் குளிரவைத்து, வஞ்சிரம் வறுவலோடு குடித்துப் பாருங்கள், அது சேரும். என் சொந்தப் பணம் என்றால் அதே வறுவலுக்கு ஜில்லென்று ஒரு பொவண்டோ, நம் ஊர் திராட்சைச் சுவை கலர். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஜூஸாகக் குடித்துத்தான் கொண்டாடினேன்.

ஒயினை அளந்து ஊற்றுவதில் எனக்கு வருத்தம் இல்லை. 750 மில்லி பாட்டிலில் 150 வீதம் ஐந்து கிளாஸ், அது அளந்து விற்க வேண்டிய சரக்கு. கூட வைக்கிற வறுத்த கடலைக்கும் தனி பில் போடுகிறார்களே, அதுதான். கடலைக்கு!

காபிக்கு என் சோதனை ரொம்ப சின்னது. முதல் வாய் குடித்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் டிகாஷன் விடுங்க" என்று டம்ளரை நீட்டுவேன். நல்ல காபி மாஸ்டர் ஒன்றும் பேசமாட்டார், ஃபில்டரில் இருந்து ஒரு சின்னக் கரண்டி விட்டு, கையோடு டபராவில் ஒரு ஆற்று ஆற்றிக் கொடுத்துவிடுவார். சுமாரான கடையில் "ஸ்ட்ராங்னு முன்னாடியே சொல்லணும்" என்று பாடம் நடக்கும். பேப்பர் கப்பில் தருகிற கடையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, நுரைக்கு மேல் எதை ஊற்றுவது? காபி–சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்பது சட்டம். அதாவது மீதி 49-ம் சிக்கரியாக இருந்தாலும் கேட்க முடியாது. நிறம் கறுப்பாக இருக்கிறது என்பதற்காக ஸ்ட்ராங் என்று நம்பாதீர்கள். எனக்கு 80-க்கு 20 சரி. முழுக்க சிக்கரியே வேண்டாம் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, அவர்கள் போடும் காபியை நான் குடிப்பதும் இல்லை.

கடைசியாக டிப்ஸ். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் போடக் கூடாது என்று 2022-இல் வந்த வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அதற்காக டிப்ஸ் கொடுக்காமல் எழுந்துவிடாதீர்கள். இப்போது எல்லாரும் ஜிபேதான், மேஜை மேல் இருக்கிற க்யூஆர் கோடில் போட்டால் பணம் முதலாளி கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் சாப்பிடப் போகும்போது இருபது ரூபாய் நோட்டாக இரண்டு மூன்று சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஒன்று பரிமாறியவருக்கு, இன்னொன்று மேஜை துடைக்கிற பையனுக்கு. அவனுக்கு யாரும் கொடுப்பதில்லை.