நீலம் தெரியாத மனிதர்களாம்!

"பழங்கால மனிதர்களின் கண்ணுக்கு நீலம் தெரியாது, ஏனென்றால் அவர்கள் மொழியில் அதற்குச் சொல்லே இல்லை" என்ற செய்தி மறுபடியும் சுற்றிவருகிறது. பழைய சரக்கு. வானத்தைப் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் ஓரிடத்திலும் நீலம் என்று பாடவில்லை என்பதை, பின்னாளில் பிரிட்டன் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858இல் கவனித்தார். கவனித்தது சரி. அதை வைத்து, அன்றைய கிரேக்கர்களுக்கு நிறம் காணும் திறனே முழுதாக வளரவில்லை என்று முடிவுகட்டியதுதான் வினை. எழுத்தாளர் கிராண்ட் ஆலன் பல நாடுகளிலிருந்த மிஷனரிகளுக்குக் கேள்விகள் அனுப்பி விசாரித்து, 1879இல் நூலாகவே எழுதினார்: சொல் இல்லாதவர்களும் நிறங்களைப் பிரித்தறிகிறார்கள். பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மொழிக்குப் பங்கே இல்லை என்று வாதாட மாட்டேன். ரஷ்ய மொழியில் அடர்நீலம் 'ஸீனி', வெளிர்நீலம் 'கலுபோய்'. இரண்டும் தனித்தனி நிறங்கள். அந்த எல்லையின் இருபுறமும் உள்ள நீலங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தறிவதாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. மனத்துக்குள் எண்களை உருப்போடச் சொன்னதும் அந்த வேகம் மறைந்துவிட்டது. மொழிக்கு வேறு வேலை வந்ததும் வேகம் போய்விட்டது என்றால், வேறுபாடு கண்ணில் இல்லை.

என்னை அசத்துவது பிலிப்பைன்ஸின் ஹனுனோ மொழிதான். அதில் அடிப்படை நிறச்சொற்கள் நான்கே என்று 1955இல் மானிடவியலாளர் கான்க்லின் எழுதினார்: இருள், வெளிச்சம், செம்மை, பசுமை. ஆனால் செம்மையோடு உலர்ந்த தன்மையும், பசுமையோடு ஈரமும் சேர்ந்தே வரும். அப்போதுதான் வெட்டிய மூங்கிலின் பழுப்பு நிறத் துண்டு அவர்களுக்குப் பசுமைதான், ஈரம் இருக்கிறதே!

நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? பச்சை இறைச்சி சிவப்பு. பச்சைப் புண்ணும் சிவப்பு. சுடாத பானையும் பச்சை மண்தான்.

பெர்லின், கே என்ற இரு ஆய்வாளர்கள் 1969இல் வண்ண அட்டைகளைக் கொண்டு, அடிப்படை நிறச்சொற்கள் எவை, எத்தனை என்று பார்த்து, மொழிகளை ஏழு படிகளாக அடுக்கினார்கள். கறுப்பு, வெள்ளைக்கு அடுத்து மூன்றாவதாகச் சிவப்புதான் வரும் என்ற அவர்கள் கண்டுபிடிப்பு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் ஹனுனோ மூன்றாம் படியில் நிற்கிறது. அட்டையில் சாயல் உண்டு, ஈரம் ஏது? அந்த மொழி எதைப் பிரித்துச் சொல்கிறதோ, அதைக் கேட்காமலே போட்ட மதிப்பெண் அது.