தூணை வரைந்து பார்த்தால் தெரியும்

கிரேக்க, ரோமானியப் பாணிக் கட்டடக்கலையை இன்றும் கற்பிப்பது வெறும் பழம்பெருமை, அப்படிக் கட்டச் செலவும் அதிகம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பழம்பெருமை என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 1989-இல் கட்டடக்கலைஞர் தாமஸ் கார்டன் ஸ்மித் கட்டடக்கலைத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றதும் பாடத்திட்டத்தையே இந்தப் பக்கம் திருப்பினார். மூன்றாம் ஆண்டு முழுவதும் மாணவர்களுக்கு ரோமில்தான் படிப்பு. நின்று பார்த்து, அளந்து, கையால் வரைய வேண்டும்.

நான் கட்டடக்கலை படித்த காலத்தில் டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்ற தூண் பாணிகள் எல்லாம் தேர்வுக்கு மனப்பாடம், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சும்மா ஒரு தூணை வரைந்து பார்த்தேன். அடியில் மூன்றில் ஒரு பங்கு நேராகப் போகிறது. அப்புறம் கண்ணுக்கே தெரியாத வளைவாக ஒடுங்கி, உச்சியில் விட்டம் ஆறில் ஐந்து பங்காகிறது. அந்த ஒரு கோட்டுக்கு நாலு தாள் கிழித்தேன்!

நம்மூர் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் ஃபைபர் தூண்கள் ஏன் பிவிசி குழாய் மாதிரி இருக்கின்றன என்பது அன்றுதான் புரிந்தது. கேட்கும் வாடிக்கையாளருக்கும் தெரியாது, வரைந்து கொடுக்கும் எங்களுக்கும் தெரியாது.

செலவு பற்றிக் கட்டுரை சொல்வது சரி. கல் செதுக்கும் கூலியை இன்று எத்தனை பேர் தருவார்கள்?