முதலில் நிலம் வாங்காதீங்க தம்பி

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். சென்னையில் ஐ.டி. வேலை, வயது இருபத்தேழு. மன்னார்குடி பக்கம் ரெண்டு ஏக்கர் விலைக்கு வருகிறது, வேலையை விட்டுவிட்டு வாங்கிவிடலாமா என்று கேட்டார். எக்செல்லில் கணக்குப் போட்டு அனுப்பியும் இருந்தார். உழவு, விதை, நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஐப்பசி மழைக்கு மட்டும் இல்லை.

"வாங்காதீங்க தம்பி" என்றேன். விவசாயம் பார்க்கிற நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று வருத்தப்பட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

நானும் அவரைப் போல வந்தவன்தான். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது, மூன்று நாள் இயற்கை விவசாயப் பயிற்சியும் ஒரு நோட்டு நிறைய குறிப்பும்தான் கையிருப்பு. வந்த வேகத்தில் ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரக் கரைசலைப் போட்டேன். 200 லிட்டர் டிரம், பத்து கிலோ சாணி, கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. எல்லாம் சரியான அளவு. பாசனத் தண்ணீரோடு வயலுக்கு விட்டேன். கீழ் மடை திறந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. அத்தனையும் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. அந்த வருஷம் அவர் பயிர்தான் கருகருவென்று நின்றது.

பயிற்சியைக் குறை சொல்லவில்லை. இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன நம்மாழ்வார் ஐயா இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் ஊர்ப்பக்கம் திரும்பியே இருக்க மாட்டோம். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் இறந்ததுகூட, மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான். மூன்று நாளில் மனசு திரும்பிவிடும், சரி. கை பழக முழுசாக ஒரு போகமாவது வேண்டும். அந்த ஒரு போகத்தை அடுத்தவர் வயலில் பார்த்துவிடலாம் என்கிறேன். சேமிப்பை முழுக்கப் போட்டு வாங்கிய நிலத்தில் அதைச் செய்வது ரொம்ப விலை கூடிய படிப்பு.

அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? எங்கள் பக்கம் வெளியாளுக்கு நிலம் குத்தகைக்கு விடப் பயப்படுவார்கள். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை வரி வரியாகப் படித்தவர் யாருமில்லை. ஆனால் விட்டால் திரும்பி வராது என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் என் பத்து மாவில் மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, இந்த வருஷம் பழகு வயலாக ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். நாலு பேர். பசுந்தாள் உரத்துக்காக ஆடியில் விதைத்த தக்கைப்பூண்டை மடக்கி உழுவதில் ஆரம்பித்து, ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, தையில் அறுப்பு. தூயமல்லி என்கிற பாரம்பரிய நெல்தான் போடப்போகிறோம். தங்க இடமும் சாப்பாடும் என் பொறுப்பு. விளைந்ததில் பாதி அவர்களுக்கு.

நடுவில் ஐப்பசி, கார்த்திகை வரும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் பாய்ச்சத்தான் கேட்கிறார்கள், வடிக்க யாரும் கேட்பதில்லை. டெல்டாவில் பாதி விவசாயம் வடிகாலில் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு மழை வலுத்தால் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் வரப்பை வெட்டிவிட வேண்டும். எந்த இடத்தில் வெட்டினால் கீழ் வயல்காரர் காலையில் சண்டைக்கு வரமாட்டார் என்பதும் பாடம்தான். அறுத்த பிறகு இன்னொன்று இருக்கிறது. பழகு வயல் நெல்லை அரிசியாக்கி நாங்களே விற்றுக்கொள்வோம். மிச்ச வயலில் போடுகிற பொன்மணி ரக நெல் அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போகும். அரசு விதியைத் தளர்த்தாத வருஷத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே எடுக்க மாட்டார்கள். நெல்லைக் கொட்டிவைத்து, மேகத்தைப் பார்த்துப் பார்த்துப் படுதா போட்டு எடுக்கிற அந்த நாட்களையும் இவர்கள் கூடவே இருந்து பார்க்கட்டும்.

கற்றுக்கொடுக்கப் போவது நான் இல்லை. எங்கள் ஊரில் நடவு ஆள் கூட்டி வருகிற அக்காதான். போன வருஷம் பார்க்க வந்த ஒரு பையன், நாற்று சாயக்கூடாது என்று விரல் முழுக்கச் சேற்றில் அமுக்கி நட்டுக்கொண்டிருந்தான். அக்கா அதைப் பிடுங்கி, வேர் மட்டும் மறைகிற மாதிரி மேலாக வைத்துக் காட்டினார். "இவ்ளோ ஆழத்துல வச்சா தூர் கட்டாதுப்பா, அது மூச்சு விட வேணாமா?" எந்தப் பயிற்சியிலும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. இதுவரை அவருக்கு நடவுக் கூலி மட்டும்தான் கொடுத்து வந்திருக்கிறோம். சொல்லிக்கொடுக்கிற நாளுக்குத் தனிச் சம்பளம் என்று பேசியிருக்கிறேன்.

வருகிறவர்களிடம் காசு வாங்கப் போவதில்லை. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய, மறைந்த நெல் ஜெயராமன் ஐயா நெல் திருவிழாவில் ரெண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கேட்டு வந்தார். அதே கணக்குதான் இங்கேயும். ஒரு போகம் பழகினவர் அடுத்த போகத்தில் பத்து நாள் வந்து, புதிதாக வருகிற ரெண்டு பேரோடு வயலில் நிற்க வேண்டும்.

"ஓசியில் ஆள் பிடிக்கிறான்" என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. நடவு தெரியாத நாலு பேரை வைத்து நட்டுப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். கூலி ஆள் யாரையும் குறைக்கவில்லை, குறைக்கவும் முடியாது.

நேற்று அக்காவிடம் விவரமெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார்.

"எவ்ளோ உடுற?"

"மூணு மா."

"ஒரு மா உடு தம்பி. மிச்சத்த நாங்க நட்டுர்றோம். அதுங்களுக்கும் சோறு போடணும்ல?"

ஒரு மாவே விடுவதாக இருக்கிறேன். வருகிறவர்கள் கைலி ரெண்டு கொண்டு வாருங்கள்.