மூத்திர நாத்தத்துக்காக நாயைக் கொண்டுபோய் விடாதீங்கோ

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் தங்கள் நாயை ஓட்டோவில் ஏற்றிப்போய்ச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தது. ஏழு வருசம் வளர்த்த நாய். ஏன் என்று கேட்டேன். "முத்தம் முழுக்க மூத்திர நாத்தம், கழுவிக் கழுவி அலுத்துப்போச்சு" என்றார்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாத்தத்தைப் போக்கலாம் என்று எனக்குத் தெரியும். முதலே போய்ச் சொல்லியிருக்கலாம். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

இரண்டு வருசத்துக்கு முன்னம் எனக்கும் இதே நிலைமைதான். கொழும்பு வெள்ளவத்தையில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முற்றம் என்று சொன்னால் பத்தடி அகலச் சீமெந்துத் தரை, ஒரு மதில், ஒரு கேற், அவ்வளவுதான். அந்தத் தை மாதம் மழையே இல்லை. மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார அன்ரி ஒருநாள் இறங்கிவந்து, "பிள்ளை, யன்னல் திறக்கேலாமல் கிடக்கு. நாயை ஆருக்காவது குடுங்கோ, இல்லாட்டி வேற வீடு பாருங்கோ" என்றா. அவ சொன்னதில் பிழை இல்லை. மணம் உண்மையாகவே அப்படி இருந்தது.

நான் செய்த முதல் வேலை பெனைல் வாங்கி ஊற்றியது. காலையில் பெனைல் மணம், பின்னேரம் பெனைலும் மூத்திரமும் கலந்த மணம். எங்கள் நாய் ஜிம்மி ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவான். நாலாம் நாள் விரலிடுக்கெல்லாம் சிவந்துபோனது. அதோடு நிறுத்தினேன்.

மூத்திரம் புதிதாக இருக்கும்போது பெரிதாக மணப்பதில்லை. அதில் உள்ள யூரியாவைப் பற்றீரியாக்கள் அமோனியாவாக உடைக்கும்போதுதான் அந்த மூக்கில் அடிக்கும் காரம் வருகிறது. சீமெந்து பார்க்கக் கல்லு மாதிரி, ஆனால் பஞ்சு மாதிரி உறிஞ்சும். மேலே கழுவினாலும் உள்ளே இறங்கினது அப்படியே கிடக்கும். சும்மா தூறல் விழுந்தால் நாத்தம் கூடுவது அதனால்தான்: கொஞ்ச ஈரம் பட்டதும் உள்ளே காய்ந்து கிடந்தது கிளம்பும். மே மாத மழையும் ஐப்பசி மழையும் அடித்துக் கழுவும். தை, மாசியில் அந்த வேலையை நாங்கள்தான் செய்யவேண்டும்.

எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். காசு நோட்டுப் பார்க்கும் ஊதா வெளிச்ச டோர்ச் புறக்கோட்டையில் வாங்கலாம். இருட்டின பிறகு அதை அடித்துப் பார்த்தேன். முற்றம் முழுக்க என்று நான் நினைத்தது உண்மையில் மூன்றே இடம். கேற் தூணின் அடி, தண்ணீர்த் தாங்கியின் கால், மதில் மூலை. தூணில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் பச்சையாக வழிந்த கோடுகள். சீமெந்துப் பூச்சே அதில் பொரிந்துபோய் இருந்தது. சவர்க்காரக் கறையும் மின்னும், அதனால் மூக்கையும் கிட்டக் கொண்டுபோய்த்தான் பார்க்கவேண்டும்.

அந்த மூன்று இடத்தையும் தும்புத்தடியால் தேய்த்து நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி. அமோனியாவைப் புளிப்புத்தான் முறிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீங்கோ, வினாகிரி சீமெந்தை அரிக்கும். நல்லாகக் கழுவிக் காயவிட்டு, அடுத்த நாள் அப்பச்சோடா தூவிக் கூட்டினேன். இரண்டையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். நுரை வரும், ஒன்றை மற்றது முறித்துவிடும், தரைக்கு ஒன்றும் மிஞ்சாது. பழைய கறைக்கு இதுவும் போதாது. செல்லப்பிராணிக் கடைகளில் மூத்திரக் கறையை உடைக்கும் என்சைம் திரவம் இருக்கிறது, அதைத் தாராளமாக ஊற்றி, காயாமல் ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒரு இரவு விடவேண்டும். மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் போகவேண்டும். தூணுக்கு மூன்று தரம் செய்தேன்.

குளோரின் மட்டும் ஊற்றாதீங்கோ. மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். கக்கூஸ் கழுவும் அசிட்டோடு கலந்தால் அதைவிட மோசம். பூச்சி உருண்டையும் போடவேண்டாம், நாய் விழுங்கினால் நஞ்சு.

இவ்வளவு செய்தும், ஜிம்மிக்கு ஒரு இடம் கொடுத்திராவிட்டால் திரும்பவும் தூணுக்குத்தான் போயிருப்பான். அன்ரியிடம் கேட்டு மதில் மூலையில் மூன்றடிக்கு நாலடி சீமெந்தை உடைத்தேன். அடியில் சல்லி, மேலே ஆற்று மணல், நடுவில் ஒரு தென்னங்குற்றி. ஆண் நாய்க்குக் காலைத் தூக்க ஏதாவது வேண்டும்தானே. விடிய எழும்பினதும் சங்கிலியில் அங்கே கூட்டிப்போவேன், இருந்து முடிந்ததும் தலையைத் தடவி ஒரு பிஸ்கட். மூன்று கிழமையில் தானாகப் போகத் தொடங்கினான். அவன் போன உடனே ஒரு வாளி தண்ணீர், கிழமைக்கு ஒருக்கா மேல்மணலைக் கிளறி வெயில் காட்டல். கருத்தடை செய்த பிறகு அங்கங்கே அடிப்பதும் குறைந்தது.

திடீரென்று மணம் மாறினாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எலிக்காய்ச்சலுக்கு நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, நாய் மூத்திரத்தாலும் அது மனிசருக்குத் தொற்றும். காலில் புண்ணோடு வெறுங்காலில் கழுவவேண்டாம். நாத்தத்துக்குப் பயந்து தண்ணீர் வைப்பதைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீங்கோ. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் தடித்து இன்னும் நாறும், அந்தச் சீவனும் வருந்தும்.

அந்த ஏழு வயது நாயைத் தேடி இரண்டு தரம் சந்தைக்குப் போனேன், இன்னும் காணவில்லை. மண்ணிற நாய், இடது காதில் வெட்டு. கண்டால் சொல்லுங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் ஆராவது இதே காரணத்துக்காக நாயை விட யோசித்தால் இன்பொக்ஸில் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் டோர்ச்சும் தும்புத்தடியும் கொண்டு நானே வருவேன்.