தட்டினாலும் வராத நரம்பு

புல்வெட்டி மெஷினின் தலையைத் தரையில் தட்டினால் புல்லை வெட்டும் நைலான் நரம்பு தானாக நீளுமாம். நீண்டால்தானே! தப்பு பெரும்பாலும் தலைக்குள் இருக்கும் உருளையில் நரம்பைச் சுற்றுவதில்தான். 2.4 மி.மீ. நரம்புக்கான தலையில் 3 மி.மீ. நரம்பைத் திணிப்பார்கள், அதையும் விளிம்பு வரை, குறுக்கும் நெடுக்குமாக. ஓட ஓடச் சூடேறி, சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தரை குழியாகும் வரை தட்டினாலும் அசையாது. உருளையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் இறுக்கமாக, வரிசையாகச் சுற்றி, விளிம்புக்கு 5 மி.மீ. முன்பே நிறுத்தித் தொலையுங்களேன். இரண்டு முனையும் 15 செ.மீ. நீட்டட்டும், குட்டையானால் சுழல்வேகம் நரம்பை வெளியே இழுக்காது. மொறுக்கென்று ஒடிகிற பழைய நரம்பா? ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் நைலான் ஈரம் குடித்து வளையும். அப்படியும் வராவிட்டால் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். அடியில் புல்சாறு காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும்.