பிள்ளைக்குச் சொல்லிட்டுப் போங்க

பிள்ளையை ஏமாற்றிவிட்டு ஒளிச்சுப் போற பழக்கத்தை நாங்கள் நிற்பாட்ட வேண்டும். மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடிப் பக்கம் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். "அங்க பாருங்க மகன், கிளி!" என்று அம்மம்மா பிள்ளையைத் திருப்ப, தாய் மற்றப் பக்கத்தால் நழுவிப் போறதை வாசலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அழாமல் இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவா என்பதைத்தான் பிள்ளை அதில் படிக்கிறது. அடுத்த நாளிலிருந்து சட்டையை விடாது.

சொல்லிவிட்டுப் போனால் அழும்தான். அழட்டும். "பாட்டுப் படிச்சு, சாப்பிட்டு முடிய அம்மா வருவன்" என்று சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றரை மணி விளங்காது, சாப்பாடு முடிகிறது விளங்கும். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். கொஞ்ச நாளில் அழுகை தானாகக் குறையும்.

வாசலில் நடக்கிறது சின்ன விசயம். இதே வேலையைக் குவைத்துக்கும் கட்டாருக்கும் போகும்போதும் செய்கிறோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாய் வெளிநாட்டில் இல்லாத ஒழுங்கை குறைவு. 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய்மார் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று அரசாங்கம் விதி போட்டது. 2022இல், நாடு நெருக்கடியில் கிடந்தபோது, அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. போகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன், கடன் என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். விடியச்சாமத்தில் பிள்ளை நித்திரையாக இருக்கும்போது தாயை வாகனத்தில் ஏற்றி அனுப்புகிற குடும்பத்தோடுதான் எனக்குக் கோவம். "அம்மா கடைக்குப் போயிட்டா" என்று மாதக்கணக்கில் பொய் சொல்கிறார்கள். பிறகு அம்மம்மா உண்மையாகவே கடைக்கு வெளிக்கிட்டாலும் பிள்ளை குழறுது. "குழப்படி" என்று அதற்கு அடியும் விழுகிறது.

எங்களிடம் ஒரு நாலு வயதுப் பையன் இருந்தான். களிமண் கொடுத்தால் பிளேன் மட்டும்தான் செய்வான், செய்ததை நசுக்குவான். "ஏன் நசுக்குறீங்க?" என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான்.

"இந்தப் பிளேனுக்குள்ள ஆர் இருக்கிறாங்க மகன்?"

"அம்மா."

"அம்மா போகக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் நித்திர கொண்டுட்டன். அதான் போயிட்டா."

பகலில் எல்லாப் பிள்ளைகளும் படுக்கிற நேரம் அவன் மட்டும் கண்ணை விரித்துக்கொண்டு கிடந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இந்த வயதுப் பிள்ளைகள் நடந்ததற்குப் பல நேரம் தங்களையே காரணமாக்குவார்கள். நாங்கள் உண்மையைச் சொல்லாத இடத்தில் அவர்களாக ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள், அது நிசத்தை விடப் பயங்கரமாக இருக்கும். "நீங்க நித்திர கொண்டதால இல்ல, அம்மா வேலைக்குப் போயிருக்கிறா" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

போர் நடந்த காலத்தில், போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்திருந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும்தான் மனதைத் திறந்தார்கள். நேருக்கு நேர் கேட்டால் பெரிய ஆக்களுக்கே வாய் வராது.

சாவிலும் இதுதான். சுனாமிக்குப் பிறகு "அம்மா வருவா" என்று சொல்லியே வளர்த்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். செத்தவரை "நித்திரை" என்று சொல்லாதீர்கள். பிள்ளை படுக்கப் பயப்படும்.

ரெண்டு வருச ஒப்பந்தம் என்றால், மாமாங்கக் கோயில் தீர்த்தம் வருசத்துக்கு ஒருக்கால் வருகிறதுதானே, "ரெண்டு மாமாங்கத் தீர்த்தம் முடிய அம்மா வருவன்" என்று தாயே தன் வாயால் சொல்லட்டும். முஸ்லிம் வீடுகளில் ரெண்டு ஹஜ்ஜுப் பெருநாள் என்று சொல்லலாம். அழ விடுங்கள், கூட இருங்கள். வீடியோ கோலில் பிள்ளை பேசாமல் நின்றால் "கதை, அம்மா அழுவா" என்று ஏசாதீர்கள். அது கீறின படத்தைக் காட்டினாலே போதும்.

மாதக்கணக்காக நித்திரை இல்லை, புதிதாகப் படுக்கையில் சலம் போகுது, வயிற்றுக்குத்து என்று அழுகுது என்றால் நூல் கட்டுறவர்கள் கட்டுங்கள், தண்ணி ஓதுறவர்கள் ஓதுங்கள். அதோடு டொக்டரிடமும் காட்டுங்கள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கான 1926 என்கிற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்கள்.